விலை ஏறாது என்ற நம்பிக்கையின் விலை

2016 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. காரிகாரி-குன் என்ற குச்சி ஐஸைத் தயாரிக்கும் அகாகி நிறுவனத்தின் ஊழியர்களும் நிர்வாகிகளும் வரிசையாக நின்று தலைகுனிந்தார்கள். 25 ஆண்டுகளாக 60 யென்னுக்கு விற்ற ஐஸை 70 யென் ஆக்கியதற்காக அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். மக்களின் மனநிலை ஒரு நாட்டின் வளர்ச்சியை எவ்வளவு தூரம் கட்டிப்போடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

1989 இறுதியில் 38,915 புள்ளிகளைத் தொட்ட ஜப்பானியப் பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு அடுத்த ஆண்டே சரிந்தது. நிலத்தின் விலையும் பின்னாலேயே இறங்கியது. ஆனால் அச்சம் வீடுகளுக்குள் ஆழமாக இறங்கியது 1997 நவம்பரில்தான் என்பது என் கருத்து. யாமாயிச்சி பங்குத் தரகு நிறுவனமும் ஹொக்கைடோ தகுஷோகு வங்கியும் அந்த ஒரே மாதத்தில் வீழ்ந்தபோது, வேலை ஆயுளுக்கும் நிலைக்கும் என்று நம்பியிருந்த தலைமுறை திகைத்துப்போனது. அதன்பின் தொழிற்சங்கங்கள் ஊதிய உயர்வை வற்புறுத்துவதைவிட வேலையைக் காப்பாற்றிக்கொள்வதே மேல் என்று கருதின. ஊதியம் உயராததால் மக்கள் கைப்பணத்தை இறுக்கிப் பிடித்தார்கள். விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று நிறுவனங்கள் அஞ்சின. விலை ஏறாததால் ஊதியத்தை உயர்த்தவும் வழியில்லாமல் போனது.

இதை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலைகள் இறங்கும் நாட்டில் வட்டியே இல்லாமல் வங்கியில் கிடக்கும் பணத்துக்கும் வாங்கும் சக்தி கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தன்னளவில் சரியாகத்தான் கணக்குப் போட்டது. எல்லாக் குடும்பங்களும் அதே கணக்கைப் போட்டதால்தான் தேவை வற்றியது. நாட்டின் மைய வங்கியான ஜப்பான் வங்கி 1999-இல் வட்டியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தது, 2013-இல் 2 சதவீதப் பணவீக்கத்தை இலக்காக அறிவித்தது, 2016-இல் வட்டியைப் பூச்சியத்துக்கும் கீழே இறக்கியது. விலை ஏறும் என்று மக்கள் நம்பினால்தான் இந்த மருந்துகள் முழுமையாக வேலை செய்யும். அந்த நம்பிக்கையைத்தான் வங்கியால் உண்டாக்க முடியவில்லை.

கடைசியில் மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 2022-இல் உக்ரைன் போரும் யென்னின் சரிவும் இறக்குமதிச் செலவை உயர்த்தியதால், நிறுவனங்கள் தயக்கத்தை விட்டு விலையை ஏற்றின. 2024 வசந்தகால ஊதியப் பேச்சுவார்த்தையில் 33 ஆண்டுகளில் முதன்முறையாக 5 சதவீதத்துக்கும் மேற்பட்ட உயர்வு கிடைத்தது. அந்த மார்ச்சிலேயே எதிர்மறை வட்டியும் முடிவுக்கு வந்தது. ஆயினும் விலைவாசியைக் கழித்துப் பார்த்த உண்மை ஊதியம் அந்த ஆண்டு மே வரை தொடர்ந்து 26 மாதங்கள் குறைந்துகொண்டே இருந்தது. விலை ஏறும் என்று இப்போது நம்பும் குடும்பங்கள், ஊதியம் அதை முந்தும் என்று நம்பாதவரை தாராளமாகச் செலவழிக்கப் போவதில்லை.