இரண்டுக்குப் பிறகு நான்கு

"எடுத்துவிடுங்கள்" என்று அவர் சொல்லவில்லை. சொன்னார் என்றுதான் போன மாதம் வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடமும் தங்கையிடமும் அப்படித்தான் கதை சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாக நினைத்துப் பார்த்தால், துணைச் செயலாளர் கேட்டது ஒரு கேள்விதான்.

"இந்த மூணாவது பத்தி எதுக்குங்க மேடம்?"

"சும்மா தகவலுக்குத்தான் சார்" என்றேன்.

காகிதக் கோப்புகள் இருந்த காலம், தலைமைச் செயலகத்தில் நான் பிரிவு அலுவலர். மேலே போன கோப்பு திரும்பி வந்தபோது குறிப்பின் மேல் ஒரு சின்னச் சீட்டு குண்டூசியில் தொங்கியது. அதில் "பேசவும்" என்று எழுதியிருந்தது. கோட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறிப்புத் தாளிலேயே எழுதியிருந்தால் அது கோப்பின் பகுதி, அதற்குப் பதில் எழுத வேண்டும். சீட்டு அப்படியில்லை. பேசி முடித்ததும் கிழித்துப் போட்டுவிடலாம். நானும் கிழித்துத்தான் போட்டேன்.

துறையின் பெயரும் திட்டத்தின் பெயரும் இங்கே வேண்டாம். ஒரு மாத உதவித்தொகை, அதை இன்னும் கொஞ்சம் பேருக்கு விரிவுபடுத்துவதாகப் பேரவையில் விதி 110-ன் கீழ் அறிவிப்பு. 110 என்றால் அறிக்கையைப் படிப்பார்கள், அதன் மேல் விவாதம் கிடையாது, மேசை தட்டுவார்கள், மறுநாள் பேப்பரில் வரும். அறிவிப்பு மூன்று வரி. அதற்குப் பிறகு வருகிற அரசாணை எட்டுப் பக்கமோ பத்துப் பக்கமோ இருக்கும். எந்த வயது, என்ன வருமானம், என்ன சான்று, அதை யார் தருவது, செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது எல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கும். மூன்று வரி எட்டுப் பக்கமாக மாறுகிற இடம்தான் பிரிவு. அரசின் கொள்கை எங்கே உருவாகிறது என்று யாராவது கேட்டால் அமைச்சரவை என்பார்கள், நிதிநிலை அறிக்கை என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் யார் உள்ளே, யார் வெளியே என்பது பல சமயம் ஒரு உதவிப் பிரிவு அலுவலர் பழைய அரசாணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிய குறிப்பை அடிக்கும்போது முடிவாகிவிடுகிறது. அதைக் கொள்கை என்று அவரும் நினைப்பதில்லை. முன்மாதிரியைப் பார்த்து எழுதுகிறோம் என்றுதான் நினைப்பார்.

எங்கள் விஷயத்தில் பழைய அரசாணையிலிருந்து அப்படியே இறங்கி வந்தது "ஆண்டு வருமானம் ரூ.72,000-க்கு மிகாமல்" என்ற வரி. அந்தக் காலத்தில் இந்த எண் பல இடங்களில் உட்கார்ந்திருந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அதே 72,000தான், 2022-ல்தான் 1,20,000 ஆனது. வகுத்துப் பாருங்கள், மாதம் 6,000, நாளைக்கு 200. சென்னையில் அடுக்குமாடி வாசலில் இரவுக் காவலுக்கு நிற்பவர்கூட இதைத் தாண்டிவிடுவார். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவும் தாண்டிவிடுவார்.

எங்கள் உதவிப் பிரிவு அலுவலர் தேர்வாணையம் மூலம் வந்து இரண்டு வருடம்கூட ஆகாத தம்பி. மாவட்டங்களிலிருந்து வந்து கரண்ட் ஃபைலில், அதாவது வந்த கடிதங்களை வைக்கும் கோப்பில், இருந்த அறிக்கைகளை நாங்களெல்லாம் "பார்வை"யில் எண் போட்டுக் குறிப்பிடுவதோடு விட்டுவிடுவோம். அவன் உட்கார்ந்து படித்துவிட்டான். தகுதியிருந்தும் இந்த வரம்பால் வெளியே போகிறவர்கள் உண்டு என்று நான்கு அறிக்கைகள் வெவ்வேறு வார்த்தைகளில் சொல்லியிருந்ததைத் திரட்டி மூன்றாவது பத்தியாக எழுதி, கடைசியில் "எனவே வருமான வரம்பை உயர்த்த வேண்டும்" என்று முடித்திருந்தான்.

நான் சிரித்தேன். "'வேண்டும்'னு நாம மேல எழுதக்கூடாது தம்பி" என்று சொல்லி, "உயர்த்துவது குறித்துப் பரிசீலிக்கலாம்" என்று திருத்தினேன். அவனும் சரி மேடம் என்று மாற்றி அடித்தான். அதைச் சொல்லிக்கொடுத்ததில் அன்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அப்புறம்தான் சீட்டு.

துணைச் செயலாளர் அறையில் அவர் அப்போதுதான் சாப்பிட்டு முடித்து டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். எலுமிச்சை சாத வாசனை. மணி மூன்றாகப் போகிறது, அவருக்கு அப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது. கெட்ட மனிதர் இல்லை. எங்கள் பிரிவில் ஒருவருடைய பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது மருத்துவ விடுப்புக் கோப்பை அவரே கையில் தூக்கிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கி வந்தவர். மூன்றாவது பத்தியின் ஓரத்தில் பென்சிலால் மெல்லிய வளைவு ஒன்று போட்டிருந்தார். அதன் மேல் விரலை வைத்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எதுக்குங்க மேடம்?

இந்தக் கேள்வியை நான் எத்தனை விதமாகவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். குரலில் சலிப்பு இருந்தால் "இது தேவையா" என்று அர்த்தம். சலிப்பு இல்லையென்றால் "காரணம் சொல்லுங்கள், மேலே கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும்" என்று அர்த்தம். அன்று குரல் எப்படி இருந்தது என்று நினைவில் இல்லை. எலுமிச்சை சாத வாசனை நினைவிருக்கிறது, குரல் இல்லை.

"தகவலுக்குத்தான்" என்று நான் சொன்ன பிறகு அவர் சொன்னதற்கு ஒரே அர்த்தம்தான். "தகவல்னா கரண்ட் ஃபைல்லயே இருக்கே. இதைப் பார்த்தா நிதித்துறை எத்தனை பேர் கூடுவாங்க, எவ்வளவு ஆகும்னு கேப்பாங்க. கணக்கு இருக்கா?"

"இல்லை சார்."

"பிப்ரவரி வந்துடுச்சு பாருங்க."

பிறகு மேசை டிராயரைத் திறந்து ரப்பரை எடுத்து, அந்தப் பென்சில் வளைவைத் தானே அழித்தார். துகளை ஊதிவிட்டுக் கோப்பை என்னிடம் நீட்டினார். அவ்வளவுதான். எடு என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை.

நாமக்கல் கவிஞர் மாளிகையில் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தபோதே நான் முடிவு செய்துவிட்டேன். கீழே வந்ததும் தம்பியிடம், "ரெண்டாம் தாளை மட்டும் மாத்தி அடிச்சிடுங்க, மூணாம் பத்தி வேண்டாம்" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "டி.எஸ். சொன்னார்" என்றிருப்பேன், அந்தப் பொய் அப்போதே ஆரம்பித்திருக்கும். மூன்றாம் பத்தி இரண்டாம் தாளின் அடியில் இருந்தது. மூன்றாம் தாள் நான்காம் பத்தியில் தொடங்கும், அதன் கடைசியில் அவனும் நானும் சார்புச் செயலாளரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தோம். அந்தத் தாளைத் தொட்டால் சார்புச் செயலாளரிடம் மறுபடி போக வேண்டும், எதற்கு என்று அவர் கேட்பார். அதனால் தொடவில்லை. இரண்டாம் தாளின் அடியில் நான்கு விரல் அகலத்துக்கு வெறுமையாக இருந்தது. இரண்டாம் பத்திக்கு அடுத்து நான்காம் பத்தி. பேனாவால் எண்களைத் திருத்தியிருக்கலாம், அவனும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. அவசரமா, கவனக்குறைவா, அவன் வேண்டுமென்றே விட்டானா தெரியாது. நான் பார்த்தும் விட்டேனா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

கோப்பு நிதித்துறைக்குப் போய் இசைவோடு திரும்பியது. மார்ச்சில் அரசாணை வந்துவிட்டது. பத்தி இருந்திருந்தால் கேள்வியோடு திரும்பியிருக்கும். மாவட்டங்களிடம் எண்ணிக்கை கேட்டு, அது வந்து சேர்ந்து, மறுபடி போவதற்குள் மார்ச் 31 தாண்டியிருக்கும். ஒதுக்கிய பணம் திரும்பிப் போயிருக்கும். அறிவித்தும் ஆணை வராத திட்டங்கள் எத்தனை என்று எங்களைக் கேட்டால் தெரியும். ஆக, அந்தப் பத்தியை எடுத்ததால்தான் கிடைத்தவர்களுக்காவது கிடைத்தது. இப்படித்தான் பல வருடம் தூங்கினேன்.

இன்னொரு சமாதானமும் வைத்திருந்தேன். வருமானச் சான்றில் யாருக்கும் உண்மையான வருமானம் வருவதில்லை. திட்டத்துக்கு 72,000 என்றால் சான்றும் 72,000 என்றே வரும், ஊரே அறிந்த விஷயம். எனவே வரம்பு காகிதத்தில்தான், யாரும் வெளியே போகப்போவதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சான்றை அப்படி வாங்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். கேட்ட கேள்விக்கு "மாசம் எட்டாயிரம் வருதுங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டு வரிசையிலிருந்து திரும்பியவர்களைப் பற்றித்தான் அந்த நான்கு அறிக்கைகளும் பேசின. உண்மை சொன்னவர்கள் வெளியே போனார்கள். நான் "தகவலுக்குத்தான்" என்றேன்.

கோடு போட்டால் இரண்டு பக்கமும் ஆள் இருப்பார்கள் என்பதும் தெரியும். 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு அப்படிப் பிரிக்கவில்லை, வேண்டுகிற எல்லோருக்கும் அரிசி என்றே வைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் அப்படிச் செய்ய முடியாது, பணம் அரிசி இல்லை. 2023-ல் மகளிர் உரிமைத் தொகை வந்தபோது பேப்பரில் நிபந்தனைகளைப் படித்தேன். குடும்ப வருமானம் இரண்டரை லட்சம், நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட். எல்லோரும் ஆயிரம் ரூபாயைப் பேசினார்கள், நான் 3,600-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாத பில்லுக்கு 600 யூனிட். எந்தப் பிரிவில் யார் இதை முதலில் எழுதியிருப்பார்கள், அவர்கள் எழுதி யாராவது எடுத்த பத்தி ஏதும் உண்டா என்று யோசித்தேன். சுமார் 1.63 கோடி பேர் விண்ணப்பித்து முதலில் 1.06 கோடி பேர் தேர்வானார்கள். மற்றவர்கள் மேல்முறையீடு செய்ய ஒரு வழி வைத்திருந்தார்கள். எங்கள் அரசாணையில் மேல்முறையீடு கிடையாது. அதையும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. இது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

போன மாதம் இப்போதைய பிரிவு அலுவலர் போன் செய்தார். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரோ அந்த அரசாணையின் குறிப்புக் கோப்பை நகல் வாங்கியிருக்கிறார். கோப்புக் குறிப்புகளைச் சட்டத்திலிருந்து விலக்க 2006-ல் மத்திய அரசு முயன்று, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. விலக்கியிருந்தால் எனக்கு இந்தப் போன் வந்திருக்காது.

"மேடம், ரெண்டாம் பத்திக்கு அப்புறம் நாலாம் பத்தின்னு இருக்கு. நடுவுல தாளை மறைச்சுட்டீங்களான்னு மனுதாரர் மேல்முறையீடு போட்டிருக்கார். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

இரண்டாவது முறையாக எனக்கு அந்தக் கேள்வி வந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. போனில் பேசும்போது தோன்றவில்லை.

"எண் தப்பா விழுந்திருக்கும். தட்டச்சுப் பிழைன்னு போட்டுடுங்க" என்றேன். யோசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொன்னது, "எதுவானாலும் குறிப்பில் எழுதிவிடு, பேச்சு நிற்காது, எழுத்துதான் நிற்கும்" என்பது. இன்றும் யாராவது கேட்டால் அதையேதான் சொல்வேன். அதே பிப்ரவரி மறுபடி வந்தால் அதே தாளை மாற்றி அடிக்கவும் சொல்வேன் என்று நினைக்கிறேன். இல்லை, இரண்டு வாரம் அவகாசம் கேட்டு மாவட்டங்களுக்குப் போன் போட்டிருப்பேனோ என்னவோ. கேட்டிருந்தால் அவர் கொடுத்திருப்பார் என்றும் சில நாள் தோன்றுகிறது. கோப்பை அந்த மனிதர் தன் கையால் தூக்கிக்கொண்டு போனவர்தானே.

அந்தத் தம்பி இப்போது வேறு துறையில் இருக்கிறான், இரண்டு பதவி உயர்வு வாங்கிவிட்டான். அவனிடம் பேசலாம் என்று எண்ணை எடுத்து எடுத்து வைக்கிறேன். கேட்க வேண்டியது ஒன்றுதான், எண்ணை வேண்டுமென்றே விட்டாயா என்று. ஆமாம் என்றால் நான் என்ன சொல்வது, இல்லை என்றால் என்ன சொல்வது என்று இரண்டுக்கும் பதில் கிடைக்கவில்லை.

அன்று போனை வைப்பதற்கு முன் பிரிவு அலுவலர் ஒரு கணம் சும்மா இருந்தார். அப்புறம், "சரி மேடம். கரண்ட் ஃபைல்ல மாவட்ட அறிக்கை நாலு இருக்கு. படிச்சேன். மனுதாரர் அதைக் கேக்கலை" என்றார்.

நான் "அப்படியா" என்றேன்.