முதல் கப்பல் பயணத்துக்கு அத்தான் போட்ட அட்டவணை

ஓய்வெடுப்பதற்காகச் சொகுசுக் கப்பலில் போகலாம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் எவருக்கும் ஓய்வு கிடைக்கவில்லை. பார்சிலோனாவில் ஏறி, ஒரு பகல் முழுவதையும் நடுக்கடலில் கழித்து, அதன் பின் இத்தாலியின் நேப்பிள்ஸ், சிவிட்டாவெக்கியா, லிவோர்னோ ஆகிய துறைமுகங்களையும், பிரான்சின் வில்ஃப்ரான்ஷ், மார்செய் ஆகிய துறைமுகங்களையும் தொட்டுவிட்டுப் பார்சிலோனாவுக்கே திரும்பும் பயணம் அது. அக்காவும் அத்தானும் ஒரு கேபின், சித்தியும் நானும் ஒரு கேபின். பணம் கட்டிய கையோடு சித்தி அந்தப் பேச்சையே மறந்துவிட்டார். அத்தானோ அன்றிரவே கணினியில் ஓர் அட்டவணையைத் திறந்தார். தேதி, துறைமுகம், இரவு உணவு, உடை என்று நான்கு பத்திகளும், 'குறிப்பு' என்று ஐந்தாவதாக ஒரு பத்தியும் அதில் இருந்தன. அந்த ஐந்தாவது பத்தி தொடக்கம் முதலே சிவப்பு நிறத்தில்தான் இருந்தது.

கப்பல் நிறுவனம் முதலில் கேட்ட கேள்வி, இரவு உணவு எத்தனை மணிக்கு வேண்டும் என்பது. பல கப்பல்களில் பிரதான உணவுக்கூடத்துக்கு இரண்டு நிலையான பந்திகள் உண்டு. முன்பந்தி மாலை 5.30 அல்லது 6 மணிக்கும், பின்பந்தி இரவு 8 அல்லது 8.30 மணிக்கும் இருக்கும். இவற்றைத் தேர்ந்தால் பயணம் முழுவதும் ஒரே மேசை, ஒரே பரிமாறுநர், ஒரே பக்கத்து இருக்கைக்காரர்கள். நினைத்த நேரத்தில் போய் உட்காரும் முறையும் பல கப்பல்களில் இருக்கிறது; அதில் சுதந்திரம் கூடுதல், சில இரவுகளில் வாசலில் காத்திருப்பதும் கூடுதல். அத்தான் முன்பந்திக்கே முன்மொழிந்தார். இரவு 8.30 மணிக்கு உண்பது செரிமானத்துக்கு ஒவ்வாது என்பது அவர் கூறிய காரணம். உணவுக்குப் பின் நாடகம், நாடகத்துக்குப் பின் பஃபேயில் இரண்டாவது முறை உண்ண நேரம் கிடைக்கும் என்பது அக்கா கண்டுபிடித்த காரணம்.

முன்பின் அறியாத எட்டுப் பேரோடு ஒரே மேசையில் அமர வேண்டி வரலாம் என்று தெரிந்ததும் அத்தான் சற்றுக் கலங்கினார். "தினமும் அதே ஆட்களிடம் என்ன பேசுவது?" என்றார். "நீங்கள் பேச வேண்டாம் மாப்பிள்ளை, அவர்கள் பேசுவார்கள், நீங்கள் சாப்பிடுங்கள்" என்று சித்தி தீர்ப்புச் சொன்னார். உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் அதைப் பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால், பல கப்பல்களில் மறுநாள் இரவுக்கான உணவுப் பட்டியலை முந்தைய இரவே கொண்டுவந்து காட்டி, என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்வார்கள். இது மிக நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் வயிறு நிரம்பி எழ முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் நாளைய பசியைப் பற்றிக் கேட்பதில் ஒரு கொடுமை இருக்கிறது. சித்தி ஒவ்வொரு இரவும் "நாளைக்கு ஒன்றுமே வேண்டாம்" என்று உளமாரச் சொல்வதும், பரிமாறுநர் அதைக் காதில் வாங்காமல் மூன்று பதார்த்தங்களைக் குறித்துக்கொள்வதும், மறுநாள் சித்தி மூன்றையும் உண்பதும் வழக்கமாயிற்று.

கட்டணத்தில் எது அடங்கும், எது அடங்காது என்பதை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுவது நல்லது. பிரதான உணவுக்கூடமும் பஃபேயும் அடக்கம். சிறப்பு உணவகங்களுக்குத் தனிக் கட்டணம். மதுவும் பெரும்பாலும் குளிர்பானமும் தனிக் கணக்கு. பணியாளர்களுக்கான அன்பளிப்புத் தொகையைப் பல நிறுவனங்கள் நாள்தோறும் தாமாகவே கணக்கில் ஏற்றிவிடும். கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது, அறைக்கதவைத் திறக்கும் அட்டையே எல்லாவற்றுக்கும் பணமாகும் என்பதால், செலவு செய்யும் உணர்வே வராது; அது கடைசி நாளில் மொத்தமாக வரும். பானத் தொகுப்பு என்று ஒன்று விற்கிறார்கள்; பானங்களுக்கு ஒவ்வொரு முறையும் தனித்தனியாகக் கொடுக்காமல் மொத்தமாகப் பணம் கட்டிவிடும் ஏற்பாடு அது. அத்தான் அதை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு கேபினில் ஒருவர் மதுவுடன் கூடிய தொகுப்பை வாங்கினால் அங்கே தங்கும் மற்றப் பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்ற விதி அவர் கண்ணில் பட்டது. பல நிறுவனங்களில் இந்த விதி உண்டு. வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவும் தொட்டிராத அக்காவுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதா என்று அவர் தயங்கினார். அக்கா தயங்கவில்லை, தொகுப்பு வாங்கப்பட்டால் தாம் எங்கள் கேபினுக்குக் குடிபெயர்வதாக அமைதியாக அறிவித்தார். அட்டவணையின் சிவப்புப் பத்தியில் 'தண்ணீர்' என்று எழுதப்பட்டது.

அடுத்தது உடை. 7 இரவுப் பயணங்களில் வழக்கமாக 2 இரவுகள் விழா உடைக்கானவை. நிறுவனத்துக்கு நிறுவனம் அதற்குப் பெயர் மாறுகிறது, கண்டிப்பும் மாறுகிறது. சில கப்பல்களில் ஆண்கள் கோட்டும் டையும் அணிந்தால்தான் மதிப்பு. சிலவற்றில் கழுத்துப்பட்டையுள்ள சட்டையும் முழுக்காற்சட்டையும் போதும். நார்வேஜியன் போன்ற நிறுவனங்கள் கட்டாய விழா உடையையே கைவிட்டுவிட்டன. அந்தந்த நாட்டு மரபு உடையைப் பல கப்பல்கள் விழா உடையாக ஏற்கின்றன என்று அறிந்த சித்தி, தம் பெட்டியை ஐந்து நிமிடத்தில் கட்டி முடித்தார். அத்தான் அப்படி விடுபடவில்லை. கோட்டு, அதற்கேற்ற காலணி, அந்தக் காலணிக்கேற்ற பெல்ட், கோட்டு கசங்கினால் தேய்க்க ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டி என்று அவருடைய பெட்டி நிரம்பிக்கொண்டே போயிற்று.

இதற்கிடையே உணவும் உடையும் ஒன்றோடொன்று மோதுவதை அக்காதான் கவனித்தார். விழா உடை இரவுகளில் முதலாவது கடலில் கழியும் நாளில் வந்தது. அதில் சிக்கல் இல்லை. இரண்டாவது, லிவோர்னோ நாளில் வந்தது. லிவோர்னோவிலிருந்து புளோரன்ஸ் சுமார் 90 கிலோமீட்டர். பேருந்தில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். போகும் வழியிலோ வரும் வழியிலோ பீசாவின் சாய்ந்த கோபுரத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் நிபந்தனை. மாலை 6.30 மணிக்குள் எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டும். முன்பந்தியோ 6 மணிக்கு. ஆக, அத்தானின் கணக்குப்படி, நாங்கள் பேருந்தில் வந்துகொண்டிருக்கும்போதே கப்பலில் கோட்டும் டையும் அணிந்து சூப் அருந்திக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நூலை இழுத்தால் மூன்று தையலும் பிரிவதைப் போல, பந்தியை மாற்றினால் நாடகத்தின் நேரமும், அதைத் தொட்டு அக்காவின் இரண்டாவது பஃபேயும் நகர்ந்தன. முடிவில் செரிமானம் தோற்றது, பின்பந்திக்கு மாறினோம். நிறுவனங்கள் உணவு நேரத்தை முதலிலும் கரைச் சுற்றுலாவைக் கடைசியிலும் கேட்கின்றன. என்னைக் கேட்டால் துறைமுக நேரங்களைக் கையில் வைத்துக்கொண்டு பின்னிருந்து முன்னாகத்தான் திட்டமிட வேண்டும்.

கரைச் சுற்றுலாவில் எங்கள் குடும்பம் இரண்டு கட்சிகளாயிற்று. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா விலை கூடுதல். ஆனால் அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டுசேர்ப்பார்கள். சொந்தமாகப் போனால் செலவு குறைவு, விருப்பம்போல் சுற்றலாம். ஆனால் கப்பல் யாருக்காகவும் நிற்காது, தவறவிட்டவர்கள் தம் செலவில் அடுத்த துறைமுகத்துக்கு ஓட வேண்டியதுதான். அக்கா முதல் கட்சி, அத்தான் இரண்டாம் கட்சி. சித்திக்குக் கட்சியே இல்லை. சுற்றுலாப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எவ்வளவு நடையைக் கேட்கும் என்று ஒரு குறி இருக்கும். சித்தி ஊரின் பெயரைப் படிக்காமல் அந்தக் குறியை மட்டும் பார்த்தே தேர்ந்தெடுத்தார். நேப்பிள்ஸிலிருந்து பாம்பெய் போகும் சுற்றுலாவுக்குக் கடினம் என்ற குறி இருந்தது; மேடுபள்ளமான கல்பாவிய தெருக்கள், நிழல் குறைவு. "கி.பி. 79-இல் புதைந்த ஊர்தானே, அதற்கு இப்போது என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு அவர் கப்பலிலேயே தங்கினார். கடல் நாளில் விடிவதற்குள் துண்டு விரித்து இடம்பிடிக்கப்படும் நீச்சல்குளச் சாய்வு நாற்காலிகள் துறைமுக நாளில் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன என்றும், தாம் அவற்றில் நான்கை மாற்றி மாற்றிப் பரிசோதித்ததாகவும் மாலையில் தெரிவித்தார்.

ரோம் நாளில் சுற்றுலாவும் உடையும் மோதின. கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். புனித பேதுரு பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் விடுவார்கள். வெயிலுக்குக் கையில்லாச் சட்டை வேண்டும், பேராலயத்துக்குக் கையுள்ளது வேண்டும், கப்பலுக்குத் திரும்பினால் நேரே குளத்தில் இறங்க நீச்சல் உடை வேண்டும் என்று அத்தானின் உடைப் பத்தி அந்த ஒரு தேதியில் மூன்று வரிகளாக உடைந்தது. அக்கா ஒரு மெல்லிய மேலாடையைப் பையில் போட்டுக்கொண்டு அந்தச் சிக்கலை முடித்துவைத்தார்.

அத்தானின் மிகப் பெரிய எச்சரிக்கை கடிகாரம் பற்றியது. கப்பல் நேரமும் கரை நேரமும் வேறுபடலாம், கப்பல் தன் நேரத்தையே பின்பற்றும், இதை அறியாதவர்கள்தான் துறைமுகத்தில் கைவிடப்படுகிறார்கள் என்று அவர் எங்கள் எல்லாரையும் கைக்கடிகாரம் வாங்க வைத்தார். எச்சரிக்கை பொதுவாக முற்றிலும் சரியானது. ஸ்பெயினின் பெருநிலமும் பிரான்சும் இத்தாலியும் ஒரே நேர மண்டலத்தில் இருக்கின்றன என்பதைப் பயணத்தின் பாதியில் சித்திதான் சொன்னார்.

கப்பலேறிய நாளில் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே ஒப்படைத்துவிட வேண்டும். அவை மாலைக்குள் கேபின் வாசலுக்கு வந்து சேரும். அதுவரை தேவைப்படும் மருந்து, கடவுச்சீட்டு, நீச்சல் உடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. எல்லாருடைய பெட்டிகளும் வந்தன; அத்தானுடையது மட்டும் வரவில்லை. இரவு உணவு நேரம் நெருங்கியபோது பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. தீ விபத்து அச்சத்தால் கேபின்களில் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதியில்லை. ஊடுகதிர்ச் சோதனையில் அது தென்பட்டதால் முழுப் பெட்டியும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. இஸ்திரிப் பெட்டியை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில் பெற்றுக்கொள்ள ஒரு ரசீது கொடுத்தார்கள். பழைய பயணிகள் கப்பல்களின் காலத்திலிருந்தே முதல் இரவில் விழா உடை அணியும் வழக்கமில்லை. பெட்டிகள் பிரிக்கப்பட்டிராது என்பதே காரணம். அந்தப் பழைய நாகரிகம் அன்று அத்தானைக் காப்பாற்றியது. மறுநாள் கசங்கிய கோட்டைக் குளியலறையில் தொங்கவிட்டுச் சுடுநீரைத் திறந்துவிட்டு அக்கா ஓரளவு நிமிர்த்திக் கொடுத்தார். நீராவியில் அத்தானும் சற்று நிமிர்ந்தார். அன்றிரவு மேசையில் இருந்த அந்நியர்களிடம் அவர் இஸ்திரிப் பெட்டியின் கதையைச் சொல்லத் தொடங்கி, இனிப்பு வரும்வரை நிறுத்தவில்லை.

அட்டவணையிலேயே மிக நுட்பமாகத் தீட்டப்பட்டது வில்ஃப்ரான்ஷ் நாள். அங்கே பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க முடியாது. விரிகுடாவில் நங்கூரமிட்டு, டெண்டர் எனப்படும் சிறுபடகுகளில் பயணிகளை இறக்குவார்கள். கப்பலின் சுற்றுலாவில் போகிறவர்களுக்கு முதல் படகு, மற்றவர்களுக்கு வரிசை எண். அத்தான் அன்று தனியே மொனாக்கோ போவதாக இருந்தார். படகு எண் வாங்கும் நேரம், ரயில் நேரம், தனியாக அமர்த்திய வழிகாட்டி, சூதாட்ட மாளிகையின் முன் படம் எடுத்துக்கொள்வதற்கென்றே வாங்கிய வெள்ளைக் காற்சட்டையும் நீலச் சட்டையும் என்று அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனிப் பக்கம் இருந்தது. காலை 7 மணிக்கு ஒலிபெருக்கியில் தலைமை மாலுமி பேசினார்: அலை ஏற்றம் அதிகமாக இருப்பதால் டெண்டர்களை இறக்குவது பாதுகாப்பல்ல, கப்பல் இங்கே நிற்காது, இன்று கடல் நாள்.

அக்காவும் நானும் பதிவுசெய்திருந்த கப்பல் சுற்றுலாவின் பணம் மதியத்துக்குள் எங்கள் கணக்குக்குத் திரும்பிவந்தது. அத்தான் மொனாக்கோ வழிகாட்டிக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார். அந்த மின்னஞ்சலை அனுப்பக் கப்பலின் இணையத்துக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. சித்தி நாற்காலி பிடிக்க முன்னதாகவே போய்விட்டார். நாங்கள் மேல்தளத்துக்குப் போனபோது, நீச்சல் உடைகளுக்கு நடுவே வெள்ளைக் காற்சட்டையும் நீலச் சட்டையும் மடிப்புக் கலையாமல் அணிந்து அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, இதை மாற்றிக்கொள்ளக் கூடாதா?" என்று சித்தி கேட்டார்.

"மாற்றலாம் சித்தி. ஆனால் இன்றைக்கு நீச்சல் உடையை எடுத்தால் அட்டவணை ஒரு நாள் நகர்ந்துவிடும். நாளைக்கு மார்செய் தேவாலயத்துக்கு நான் எதைப் போட்டுக்கொண்டு வருவது?" என்றார் அத்தான்.