மோட்டார்ஹோமில் கேஸ்: அக்டோபர் குறிப்புகள்

அக்டோபர் 5, 2024. எடிசன், நியூ ஜெர்சி

அடுத்த வாரம் வர்ஜீனியாவில் இருக்கும் ஷெனன்டோவா மலைக்குக் கிளம்புகிறோம். இன்று முழுக்கக் கேஸ் வேலைதான். மோட்டார்ஹோம் என்பது வீடு போலத் தங்கிப் பயணம் போகிற வண்டி. அதில் அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர், வெந்நீர் பாய்லர் எல்லாமே புரோப்பேன் கேஸில் ஓடுகின்றன. வீட்டில் கேஸ் குழாய் சுவரோடு அசையாமல் கிடக்கும். இங்கே ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்குகிறது. மூட்டுகள் தளராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டேங்க் வால்வைத் திறந்து, அடுப்பு முதல் பாய்லர் வரை அணைத்து வைத்து, மூட்டு மூட்டாகக் கசிவு பார்க்கும் திரவத்தைத் தெளித்தோம். அம்மோனியா கலந்த சோப்பு இதற்கு ஆகாது, பித்தளையை அரித்துவிடும். ரெகுலேட்டரை அடுத்த மூட்டில் பொடிப்பொடியாகக் குமிழிகள். ஒரு ஸ்பேனரால் குழாயை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் இறுக்கினார் கணவர். மறுபடி தெளித்தோம், குமிழி இல்லை. கசிவு நின்றிருக்காவிட்டால் மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டிருப்போம். வெயில் நாளில் டேங்குக்குள் அழுத்தம் 100 பி.எஸ்.ஐ.யை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) தாண்டும். அதை அரை பி.எஸ்.ஐ.க்கும் கீழே இறக்கி அடுப்புக்கு அனுப்புவது ரெகுலேட்டர். அதைத் திறந்து கைவைத்தியம் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தரையோரம் இருக்கும் கேஸ் அலாரத்தைக் கழற்றினால், பின்னால் அச்சடித்திருந்த ஆயுள் தேதி முடிந்துவிட்டது. பச்சை விளக்கு என்னவோ எரிந்துகொண்டுதான் இருந்தது! உள்ளே இருக்கும் சென்சார் ஐந்து முதல் ஏழு வருடத்தில் மங்கிவிடும். டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் கத்துகிறதே என்று நம்பக் கூடாது, அது பெரும்பாலும் சத்தத்தை மட்டும்தான் சோதிக்கிறது. புதியதை அதே உயரத்தில் மாட்டினோம். புரோப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். அரைகுறையாக எரியும்போது வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு அலாரம் வேறு, அது படுக்கைப் பக்கம்.

அக்டோபர் 10

டேங்க் நிரப்பினோம். வண்டிக்குள் எரிகிற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும். நிரப்புகிறவர் முதலில் ஒரு சின்னத் திருகைத் திறந்து வைக்கிறார். அதிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி சீறினால் 80 சதவீதம் வந்துவிட்டது, உடனே நிறுத்திவிடுவார்.

அத்தை கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார். "ஏம்மா, முழு டேங்குக்குக் காசு வாங்கிட்டு முக்கால்தான் ஊத்துவானா?" என்றார்.

"இல்லத்தை, ஊத்தின கேலனுக்கு மட்டும்தான் காசு. சூடானா உள்ள இருக்கிற திரவம் விரியும், அதுக்கு இடம் வேணும். நம்ம ஊர் சிலிண்டர்லயும் மேல காலியாத்தான் விட்டிருப்பாங்க."

முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

அக்டோபர் 11

பால்டிமோர் சுரங்கப்பாதைகளில் எங்கள் வண்டிக்கு அனுமதி இல்லை. ஒரு கலனில் 10 பவுண்டுக்கு மேல் புரோப்பேன் இருந்தால் ஹார்பர் டனலிலும் ஃபோர்ட் மெக்ஹென்றி டனலிலும் நுழையக் கூடாது. முன்பு இதற்கு மாற்றுவழி பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம். மார்ச் 26 அன்று கப்பல் மோதி அது விழுந்துவிட்டதால், இப்போது ஊரைச் சுற்றிப் போகும் 695 நெடுஞ்சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்ற வேண்டும். போனில் இருக்கும் வரைபடத்துக்கு இதெல்லாம் தெரியாது, திரும்பத் திரும்பச் சுரங்கத்துக்கே இழுத்தது.

ஓடும்போது டேங்க் வால்வை மூடி வைப்பது எங்கள் வழக்கம். ஃபிரிட்ஜை கேஸில் எரியவிட்டே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். குழாய் அறுந்தால் வால்வு தானாக அடைத்துக்கொள்ளும் என்பார்கள். பெரிய அறுப்புக்கு அடைக்கலாம், மெல்லிய கசிவுக்கு அடைக்காது. கதவைத் திறக்காமல் விட்டால் ஃபிரிட்ஜில் நாலைந்து மணி நேரம் குளிர் நிற்கிறது. எதற்கு அந்த நெருப்பு? பெட்ரோல் போடும் இடத்திலாவது கட்டாயம் அணைக்க வேண்டும்.

அக்டோபர் 12. பிக் மெடோஸ்

ஷெனன்டோவாவில் நாங்கள் தங்கும் முகாம் இது. சுமார் 3,500 அடி உயரம், நல்ல குளிர். முகாமில் மின் இணைப்பு கிடையாது, ஆகவே எல்லாம் கேஸ்தான். வந்ததும் வால்வை மெதுவாகத் திறந்தோம். சட்டென்று திறந்தால் குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்துக் காப்பு வால்வு வழியை அடைத்துவிடும், அப்புறம் அடுப்பு மினுக்மினுக்கென்று எரியும். முதலில் அடுப்பைப் பற்றவைத்துக் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றினால், ஃபிரிட்ஜ் அடம்பிடிக்காமல் பற்றிக்கொள்ளும். வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. கீழே எரியும் தீதான் அம்மோனியாவைச் சுழலவிட்டுக் குளிர் உண்டாக்குகிறது, வண்டி சாய்ந்து நின்றால் சுழற்சி கெட்டுவிடும்.

ஹீட்டர் மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்பத்தின் அளவு) எரிக்கும். ஒரு கேலன் புரோப்பேனில் சுமார் 91,500 பி.டி.யு. தான். விடாமல் ஓடினால் ஒரு கேலன் மூன்று மணி நேரம். விட்டுவிட்டு ஓடுவதால் சமாளிக்கலாம். ஆனால் ஹீட்டரின் காற்றாடி பேட்டரியைக் குடித்துவிடுகிறது, விடியும்போது விளக்கே மங்கலாக எரிந்தது.

அக்டோபர் 13

காலையில் அத்தை, "அடுப்பையே கொஞ்ச நேரம் எரியவிடேன், கதகதன்னு இருக்குமே" என்றார். அடுப்பு மேலேயே அதற்குத் தடை ஒட்டியிருக்கிறது. ஹீட்டரின் புகை வெளியே போகிறது, அடுப்பின் புகைக்கு நம் மூக்குதான் போக்கிடம். தோசை சுடும்போதுகூடக் கூரை விசிறியை ஓடவிட்டு ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். சாம்பாருக்குப் பெருங்காயம் தாளித்த பிறகு, கேஸில் சேர்க்கிற அந்த மெர்காப்டன் நாற்றம் யார் மூக்குக்கு எட்டும்? தரையில் இருக்கும் அலாரம்தான் துணை.

இடது பர்னர் மட்டும் மஞ்சளாக எரிந்து தோசைக்கல்லின் அடியைக் கரியாக்கியது. ஆறவிட்டுக் கழற்றினால் காற்றுப் போகும் குழாய்க்குள் சிலந்திக் கூடு. குழாய் துடைக்கும் பிரஷால் எடுத்தோம், தீ நீலமாகிவிட்டது. அங்கேயும் சிலந்தி புகாமலிருக்க, ஹீட்டரின் வெளித்துவாரத்துக்குக் கம்பிவலை வாங்க வேண்டும். தயாரிப்பாளர் கையேட்டில் அதற்கு அனுமதி உண்டா என்று முதலில் பார்க்கணும்.