அம்பத்தி நாலு மீட்டர்

"அம்பத்தி நாலு மீட்டர் வருது சார்."

டேப்பின் ஒரு முனை பள்ளிக்கூட கேட்டில். மறுமுனை, மதுக்கடை வரப்போகிற ஷட்டர் வாசலில். நகராட்சிக்கு 50 மீட்டர் போதுமாம். எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

எதிர்வீட்டு அக்கா போட்ட கோலத்தின் மேல்தான் டேப் கிடந்தது. இழுத்ததில் ஒரு பக்கம் அழிந்துபோனது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து அந்த இழையை மட்டும் மறுபடி போட்டார்.

தமிழ்நாட்டின் 2003 மதுக்கடை விதியில் கோயிலுக்கும் பள்ளிக்கும் தூரம் இருக்கிறது. வீட்டுக்கு இல்லை.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளச் சொல்லி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மறுவருஷம் கடைகள் தெருவுக்குள் வந்தன. அன்றைக்கும் பெண்கள்தான் மறித்து உட்கார்ந்தார்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறோம்.

டியூஷன் முடிந்து ராத்திரி எட்டரைக்கு என் மகள் இந்த வழியாகத்தான் வருகிறாள்.