ட்ரெய்லர் பார்க்காமல் விழாப் படங்கள்: இதுவரை

திரைப்பட விழாவில் பார்க்கப்போகும் படங்களின் ட்ரெய்லரைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டு கொஞ்ச காலமாகிறது. இதுவரை எப்படிப் போகிறது என்று எழுதி வைக்கிறேன்.

அரங்குக்குள் இது ஒரு பிரச்சினையே இல்லை. விழாத் திரையிடல்களில் பெரும்பாலும் வேறு படங்களின் ட்ரெய்லர் ஓடாது. விழாவின் முத்திரைப் படம் சிறிது நேரம் வரும், அப்புறம் நேராகப் படம்தான். தொல்லையெல்லாம் கைப்பேசியில். யூடியூபில் விரல் நின்ற இடத்தில் ட்ரெய்லர் தானாக ஓட ஆரம்பித்துவிடும். செட்டிங்ஸில் போய் அதை நிறுத்தினேன். எக்ஸ் தளத்தில் படத்தின் பெயரோடு இயக்குநரின் பெயரையும் மியூட் செய்தேன். ரசிகர்கள் படங்களுக்கு மதிப்பெண் போடும் லெட்டர்பாக்ஸ்ட் தளத்தின் நட்சத்திர மதிப்பெண்ணையும் இதே கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன். நாலரை நட்சத்திரம் என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தால், பத்தாவது நிமிடத்திலேயே அந்த நாலரை எங்கே என்று மனம் தேட ஆரம்பித்துவிடுகிறது. அதனால் அது படம் முடிந்த பிறகுதான்.

சரி, எதுவும் பார்க்காமல் எந்தப் படத்துக்குப் போவது என்று எப்படி முடிவு செய்வது? இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. கேட்லாகின் கதைச்சுருக்கத்தை நம்ப முடியாது. பாதிப் படம் வரை நடப்பதை முதல் இரண்டு வரியில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு கீழே இருக்கும் விவரங்களை மட்டும் படிக்கிறேன்: இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், நாடு, ஓடும் நேரம். படம் முதலில் எந்தப் பிரிவில் திரையிடப்பட்டது என்பதும் நிறையச் சொல்லும். பிரான்சின் கான்ஸ் விழாவில் கிரிட்டிக்ஸ் வீக் என்ற பிரிவின் போட்டியில் இருந்த படம் என்றால் அது அந்த இயக்குநரின் முதல் படமாகவோ இரண்டாவது படமாகவோ இருக்கும். எனக்கு அதுவே போதும், டிக்கெட் எடுத்துவிடுவேன். அமெரிக்காவின் கொலராடோவில் 1974 முதல் நடக்கும் டெலுரைட் விழாவில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். படப் பட்டியலையே விழாவுக்கு முந்தைய நாள் வாக்கில்தான் வெளியிடுவார்கள். தேர்வு செய்பவர்களை நம்பி, என்ன படம் என்றே தெரியாமல் பார்வையாளர்கள் பாஸ் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதனால் என்ன கிடைத்தது என்றால், முதலில் படத்தின் முதல் கால் மணி நேரம். சமீபத்தில் பார்த்த ஒரு படம் இருட்டில் தொடங்கியது. தண்ணீர் சொட்டும் ஓசை, ஒரு பெண் தனக்குள் எண்ணிக்கொண்டிருக்கும் குரல். வெளிச்சம் வந்தபோது ஒரு சமையலறை. முதியவர் ஒருவருக்கு அவள் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடுகிறாள். மகளா, மருமகளா, சம்பளத்துக்கு வந்த செவிலியா, எதுவும் தெரியாது. கடைசிப் பொத்தான் வந்ததும் அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவர் விரல் நடுங்க அதைத் தானே போட்டு முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். மகளாகத்தான் இருக்க வேண்டும் என்று அங்கே எனக்குத் தோன்றியது. படம் அதை வாய்விட்டுச் சொல்ல வெகுநேரம் ஆனது. வெளியே வந்து கேட்லாகைத் திறந்தால், கதைச்சுருக்கத்தின் முதல் சொல்லே 'மகள்'. அதைப் படித்துவிட்டுப் போயிருந்தால் அந்தப் பொத்தான் என் கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

ட்ரெய்லர் பார்த்துவிட்டுப் போனால் இன்னொரு தொல்லையும் உண்டு. மனம் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்க்கத் தொடங்கிவிடும். அவள் கடற்கரையில் ஓடும் காட்சி இன்னும் வரவில்லை, அப்படியானால் இந்த விபத்தில் அவள் சாகப்போவதில்லை என்று கணக்குப் போடும். இயக்குநர் கஷ்டப்பட்டுக் கட்டிய பதற்றம் அங்கேயே போய்விடுகிறது.

நிதானமான படங்களுக்கு இது இன்னும் அநியாயம். ஷான்டால் அக்கர்மன் 1975இல் எடுத்த 'ஜான் டீல்மன்' 201 நிமிடம் ஓடும். உருளைக்கிழங்கு தோல் சீவுவதை அவசரமே இல்லாமல் காட்டும் படம். அதிலிருந்து இரண்டு நிமிடத்தை வெட்டி எடுத்தால் எதைக் காட்ட முடியும்? அந்தப் படத்தின் உயிரே அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட படங்களை விறுவிறுப்பாக வெட்டி த்ரில்லர் மாதிரி காட்டுகிறார்கள். அதை நம்பி வந்தவர்கள் பாதியில் எழுந்து போகும்போது அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முடிவு முன்பே தெரிந்து சிறுகதை படித்தவர்கள் அதைக் கூடுதலாகவே ரசித்ததாகத் தெரியவந்தது. எனக்கு அதில் சண்டையில்லை. பிடித்த படங்களை நானே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். என் கவலையெல்லாம் தொடக்கத்தைப் பற்றியது. அது ஒரு தடவைதான் கிடைக்கும்.

எல்லாப் படத்துக்கும் இந்த முறை சரிப்படவில்லை. ஒரு நாட்டின் உள்நாட்டுப் போரை வைத்து எடுத்த படத்தில் யார் எந்தப் பக்கம் என்று புரிவதற்குள் பாதி போய்விடும். அதனால் இப்போது படத்தைப் பற்றிப் படிக்காமல் அந்த நாட்டின் வரலாற்றை மட்டும் கொஞ்சம் படித்துவிட்டுப் போகிறேன். குழந்தைகள் மீதான வன்முறையை என்னால் திரையில் பார்க்க முடியாது. அதற்கு ஒரு நண்பர் இருக்கிறார். அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு "இருக்கு" அல்லது "இல்ல" என்று மட்டும் அனுப்புவார்.

அடுத்த விழாவில் ஒரு நாளை முழுக்க அவரிடமே விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். எந்த அரங்கு, எத்தனை மணி, அவ்வளவு சொன்னால் போதும். ஒப்புக்கொண்டார். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் என்றால் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வாராம்.