கயிலையின் வடக்கு முகம்

பௌர்ணமிதோறும் அண்ணாமலையாரைக் கிரிவலம் வந்த என் அம்மாவுக்கு, கயிலாயத்தையும் ஒருமுறை வலம் வர வேண்டும் என்பது நெடுநாள் வேண்டுதல். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. "நீ போய் வா, நான் போனதற்குச் சமம்" என்றார். ஈசன் அருளால் போய் வந்தேன்.

நேபாள வழி. சிமிகோட் என்ற மலையூரில் மேகம் இறங்கிவிட்டால் ஹெலிகாப்டர் பறக்காது. வயதானவர்கள் மூட்டை முடிச்சுகளோடு தரையில் காத்துக் கிடக்க, கூடுதல் பணம் தந்தால் முதலில் ஏற்றிவிடுவதாகத் தரகர்கள் பேரம் பேசினார்கள். ஈசனைப் பார்க்கப் போகும் வழியிலுமா இந்த வியாபாரம்? எல்லையூரான ஹில்சாவில் கர்ணாலி ஆற்றைத் தாண்டித் திபெத் மண்ணை மிதிக்கும்வரை கோபம் ஆறவில்லை.

மானசரோவர் 4,590 மீட்டர் உயரத்தில் நீலமாக விரிந்து கிடக்கிறது. நீரை வாளியில் மொண்டு தலையில் ஊற்றியதும் உச்சி விறைத்தது. சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா, கர்ணாலி நான்கும் பிறக்கும் வட்டாரம் இது.

யமதுவாரம் என்னும் வாயிலைக் கடந்து பரிக்கிரமா, அதாவது கயிலையை வலம் வரும் நடை. மொத்தம் 52 கிலோமீட்டர். காரைக்கால் அம்மையார் கால் படக் கூடாதென்று தலையால் நடந்த மலை. காலணியோடு நடக்க மனம் கூசியது. லா சூ பள்ளத்தாக்கில் மேலிருந்து உருண்டு விழுந்த பாறை ஒன்றைத் தொட்டுக் கும்பிட்டேன். அதில் புளியங்கொட்டை அளவிலிருந்து தேங்காய் அளவுவரை வழவழப்பான கூழாங்கற்கள் பதிந்திருந்தன. பண்டை ஆறுகள் அடித்து வந்து குவித்த கற்கள் இறுகித்தான் 6,638 மீட்டர் கயிலையின் மேனி ஆனது என்கிறார்கள் புவியியலாளர்கள். கங்கையைச் சடையில் தரித்தவனுக்குத் திருமேனியும் ஆற்றுக் கல்லே! கையை எடுக்க மனமே வரவில்லை.

இரவு தங்கிய திராபுக்கில் மாலை முழுவதும் மேகம். விடியலில் விலகியது. இரு குன்றுகளுக்கு நடுவே கயிலையின் வடக்கு முகம், கறுத்த செங்குத்துச் சுவர். படுக்கைவாட்டில் அடுக்கடுக்காகப் பனி. உச்சியில் மட்டும் பொன்னிற வெயில். சுற்றிலும் செல்ஃபி எடுக்க ஒரே நெரிசல், முழங்கையால் இடித்தார்கள். அதுவும் கொஞ்ச நேரத்தில் உறைக்கவில்லை. கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. அர்ச்சனைக்குச் சொல்வதுபோல் அம்மாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொன்னேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

5,630 மீட்டரில் டோல்மா கணவாய். பத்தடிக்கு ஒருமுறை நின்றேன். அந்தப் பாதையிலும் திபெத்தியப் பாட்டி ஒருவர் விழுந்து விழுந்து வணங்கியபடி முன்னேறினார். கீழே கௌரி குண்டம் என்னும் ஏரி பச்சையாகத் தெரிந்தது. அப்பனே, மூச்சைக் கொடுத்தாய், மேகத்தை விலக்கினாய், என் அம்மாவின் வேண்டுதலை என் காலால் நிறைவேற்றிக்கொண்டாய். எத்தனை பிறவி எடுத்து இதற்கு நன்றி சொல்வேன்!