ஒரு கேஸ்கெட்டுக்காக அரை நாள்

நேத்து லீவு போட்டேன், காரணம் கேட்டா சிரிப்பீங்க, குக்கர் கேஸ்கெட். ஒரு வாரமா விசிலே வராம பக்கவாட்டுல ஆவி போகுது, பருப்பு வேகமாட்டேங்குது, அம்மா முகத்தைப் பாக்க முடியல, சரின்னு மின்சார ரயில் புடிச்சு மாம்பலத்துல இறங்கிட்டேன். 2023ல திறந்த ஆகாய நடைபாதைல ஏறுனா ரங்கநாதன் தெருவுக்குள்ள நுழையாமலே தி.நகர் பஸ் ஸ்டாண்டு போயிடலாம், ஆனா எனக்கு அந்தத் தெரு நெரிசல்ல நாலு இடி வாங்குனாதான் தி.நகர் வந்த மாதிரியே இருக்கும்.

முதல்ல பேங்க். பாஸ்புக் மெஷின் வேலை செய்யல. விடுங்க.

அப்புறம் பிளாட்பாரத்துல ஒரு பெரியவர் கடை, ஆணில வளையல் மாதிரி கொத்தா கேஸ்கெட் தொங்குது. "அஞ்சு லிட்டர்ணா"ன்னேன். "அஞ்சு லிட்டர்லயே வாய் வேற வேற சைஸ் வரும்மா, பழசு எங்க?" நல்லவேளை பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போயிருந்தேன். அவர் அதை விரல்ல மாட்டி சுத்தி, இழுத்து, ஒரு இடத்துல நகத்தால கிள்ளிக் காட்டுனாரு, முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு, இவ்ளோ நாள் கழுவுறேன் என் கண்ணுலயே படல. "மூடியோடயே விட்டுடாத, கழட்டி கழுவி காயவை"ன்னு திட்டு வேற, காசு வாங்கிட்டு திட்டுற உரிமை இவங்களுக்கு மட்டும்தான் உண்டு.

வழில பூக்காரம்மாகிட்ட ரெண்டு முழம் மல்லி, அவங்க முழம் எப்பவுமே என் முழத்தைவிட சின்னது.

வீட்டுக்கு வந்து புது கேஸ்கெட்டை மாட்டி டப்பாவைத் திறந்தா, துவரம்பருப்பு காலி.